அரண்மனைக்கு நான்கு அடிக்குறிப்புகள்

திவேயா,
8 ஜனவரி 1997

தங்கை ஒதீலுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு தடித்த உறை வரும். பயந்துவிடாதே, நல்ல சேதிதான். போன ஆண்டு நம் மேட்டைத் தோண்டிய பேராசிரியர் மாரெஸ்கோ தன் அறிக்கையை முடித்துவிட்டார். பிரெஞ்சில் நாற்பத்திரண்டு பக்கம். அங்கே கிடைத்த பச்சைக்கல் வட்டக் கோடரி, சிப்பி மணிச் சரங்கள், எல்லாம் ஏப்ரலில் உங்கள் பிரிஸ்பேன் அருங்காட்சியகத்துக்கு வருகின்றன. கூடவே ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போடுகிறார்களாம். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார். "என் தங்கச்சி இருக்கா, சுரங்கக் கம்பெனிக்காரன் எழுதுற பிரெஞ்சையே இங்கிலீஷாக்குறவ. இது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார்.

பதினோராம் பக்கத்தை முதலில் படி. நம் மேடு என்னவாம் தெரியுமா? அரண்மனை! அங்கே முதலில் வீடு கட்டிய நம் பாட்டன் அரசன். இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் அவன் ஆட்சி. கப்பம் கட்டும் குடிகள் அவனுக்கு இருந்தார்கள். வம்ச அட்டவணையே போட்டிருக்கிறார். ஒன்பதாவது பெயர் என்னுடையது. நான் மூன்று முறை படித்துவிட்டேன்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெரிய வீட்டு முற்றத்தில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டப் போகிறேன். வாத்தியார் லூசியன் வரிக்கு வரி நம் பேச்சில் சொல்லுவான். கண்காட்சித் திறப்பு விழாவுக்கு நானும் வருகிறேன். தலைநகர் நூமேயாவில் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் கம்பீரமாக எழுது. அரசன் என்றால் அரசன்தான், குறைத்துவிடாதே.

உன் அண்ணன்,
அன்செல்ம்


பிரிஸ்பேன்,
21 ஜனவரி 1997

அண்ணாவுக்கு,

அறிக்கை வந்தது. இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கத் தெம்பில்லை.

நேரில் இருந்தால் இதையெல்லாம் உங்களிடம் பேச முடியாது. அண்ணன் வந்தால் தங்கை எழுந்து, முகம் பார்க்காமல், வழி விட்டு ஒதுங்க வேண்டும். இருபது வருடம் அப்படித்தான் ஒதுங்கினேன். நல்ல வேளையாகக் காகிதத்துக்கு ஒதுங்கத் தெரியாது. அதனால் பச்சையாகவே எழுதுகிறேன்.

யார் அரசன்? நம் முதல் பாட்டன் மலைக்கு அந்தப் பக்கமிருந்து, சண்டையில் தோற்று, மனைவி இல்லாமல், நனைந்த பாய் ஒன்றோடு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவன். மண்ணுக்குரியவர்கள் அம்மாவின் குலத்தார். அவர்கள்தான் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், பெண் கொடுத்தார்கள், பெரிய வீட்டைக் கட்டி உச்சியில் தலைமைக்கு அடையாளமான கம்பத்தையும் நட்டுத் தந்தார்கள். "நீ எங்களுக்காகப் பேசு, நாங்க உனக்குச் சோறு போடுறோம்" என்பதுதான் பேச்சு. அன்றிலிருந்து தலைமுறை தவறாமல் அந்த வீட்டில்தான் பெண் எடுக்கிறோம். அம்மாவின் அண்ணன் புவெந்தி மாமாவின் மூச்சுதான் நம் இரண்டு பேர் மூக்கிலும் ஓடுகிறது என்று பிறந்த அன்றே நம் காதில் ஊதினார்கள். அந்த மாமாவைத்தான் இந்த ஆள் இருபத்து மூன்றாம் பக்கத்தில் "கப்பம் கட்டும் குடிகள்" என்று எழுதியிருக்கிறார்.

எப்படி வந்தது இந்தக் கப்பம்? போன மார்ச்சில் அவர் புதுக்கிழங்கு விருந்தைப் பார்த்தார். மாமா வீட்டார் வரிசையாகப் பெருவள்ளிக் கிழங்கு சுமந்து வந்து பெரிய வீட்டின் முன் குவித்ததை எண்ணி எண்ணிக் குறித்துக்கொண்டார். அதற்கு மூன்று நாள் முன்பு, விடிவதற்குள், முதல் கிழங்கை நீங்கள் தனியாகச் சுமந்துபோய் மாமா வீட்டு அடுப்படி வாசலில் தரையில் உட்கார்ந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. மாமா அதைத் தின்றால்தான் யார் தோட்டமும் அறுவடைக்குத் திறக்கும். அந்த நேரத்தில் பேராசிரியர் கொசுவலைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரியுமே! ஆறு மாதம் உங்கள் வீட்டில் சாப்பிட்டவரிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?

தயவு செய்து அதை முற்றத்தில் படிக்காதீர்கள். இந்தக் கடிதம் ஞாயிறுக்கு முன் வராது என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

ஒதீல்


திவேயா,
2 பிப்ரவரி 1997

ஒதீல்,

படித்தாகிவிட்டது. எல்லோரும் கேட்டார்கள். மாமாவும் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் என் தோளைத் தட்டி, "நல்லாப் படிச்ச மருமகனே. குரலு அப்படியே உங்கப்பன் குரலு" என்றார். அவருக்கு வராத கோபம் உனக்கு ஏன் வருகிறது?

நீ போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. அங்கே ஆட்டுக்கறி தின்றுகொண்டு எங்களுக்கு வழக்கம் சொல்லித் தருகிறாய். சரி, நீயும் கொஞ்சம் கேள். வெள்ளைக்காரன் இங்கே வந்து நூற்றைம்பது வருடம் ஆகப் போகிறது. அவன் எழுதிய எந்தப் புத்தகத்திலாவது நம்மை மனிதன் என்று எழுதினானா? தாத்தாவை அடைத்து வைத்த முகாமின் பதிவேட்டில் பெயர்கூட இல்லை, எண் மட்டும்தான். அவனுடைய ஊரில் நாலு செங்கல்லும் ஒரு வாளும் கிடைத்தால் அரசன். எகிப்தில் கிடைத்தால் அரசன். டோங்காத் தீவுக்காரனுக்கு இன்றைக்கும் அரசன் இருக்கிறான். நமக்கு மட்டும் என்ன, கூட்டம், குடிசை, பூர்வகுடி! இப்போதுதான் முதல் முறையாக ஒருவன் நல்ல தாளில், படம் போட்டு, "இங்கே அரசு இருந்தது" என்று எழுதுகிறான். அதை அழிக்க வருகிறவள் யார்? என் கூடப் பிறந்தவள்!

கொசுவலைக் கதையை நான் ஏன் சொல்ல வேண்டும்? அவர் கேட்கவில்லை. தவிர, விடியலில் நடப்பது நமக்கும் மாமாவுக்கும் இடையில். அதை அந்நியனுக்குச் சொல்லக் கூடாது. இதுவும் வழக்கம்தான், மறந்துவிட்டாயா?

உன் வேலை மொழிபெயர்ப்பது. உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பு. முடியாது என்றால் சிட்னியில் வேறு ஆள் இருப்பதாகப் பேராசிரியர் சொல்கிறார்.

அன்செல்ம்


பிரிஸ்பேன்,
13 பிப்ரவரி 1997

அண்ணாவுக்கு,

முகாமைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வேலையை மூடி வைத்தேன். அன்றைக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. நீங்கள் சொன்னதில் பாதி நியாயம். அந்தப் பாதிக்காகத்தான் அழுதேன். மற்றப் பாதிக்குப் பதில் எழுதுகிறேன்.

அவனைப் போல அரசன் இருந்தால்தான் நமக்கு மதிப்பு என்று யார் சொன்னது? அதுவும் அவன் சொன்னதுதானே? ஒரு வீட்டான் பேச, இன்னொரு வீட்டான் மண்ணைத் திறக்க, ஒருவனை ஒருவன் மிதிக்க முடியாமல் கட்டி வைத்தார்களே நம் ஆட்கள், அதற்கு அவர்கள் ஊரில் பெயரே கிடையாது. இல்லாத ஒன்றைச் செய்து காட்டியவர்களை, இருக்கிற ஒன்றின் சின்னப் பிரதியாக ஆக்கிவிட்டு, மரியாதை என்கிறீர்கள். எனக்கு அந்த மரியாதை வேண்டாம். அவனுடைய கோட்டு எதுவும் நமக்குத் தேவையில்லை, நூமேயாவில் தைத்தது உட்பட.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். அரசன் என்ற இடத்தில் அரசன், அரண்மனை என்ற இடத்தில் அரண்மனை, வம்சம், கப்பம், ஒன்றையும் மாற்றவில்லை. அடுத்தவர் வாயில் என் சொல்லைத் திணிப்பது என் தொழிலில் திருட்டு. ஆனால் பக்கத்துக்கு அடியில் என் பெயர் போட்டு நான்கு குறிப்புகள் எழுதினேன்.

அரசன் என்பதற்கு: "இவர் வந்தேறி. மண்ணுக்குரியவர்கள் இவரை அழைத்து வீட்டில் உட்கார வைத்தார்கள். எழுப்பவும் அவர்களால் முடியும்."

அரண்மனை என்பதற்கு: "பெரிய வீடு. கட்டியவர்கள் வேறு, இருப்பவர் வேறு."

வம்சம் என்பதற்கு: "இந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட, தாய்மாமன்கள் ஏற்காமல் இந்த வீட்டில் உட்காரவில்லை."

கப்பம் என்பதற்கு: "ஆசிரியர் பார்த்தது திரும்பி வந்த கிழங்கை. போன கிழங்கை அவர் பார்க்கவில்லை. தலைவர் எனப்படுபவர்தான் முதலில் கொடுக்கிறார், தரையில் உட்கார்ந்து."

ஆமாம், விடியலில் நடப்பதை எழுதிவிட்டேன். பொய்யைக் காப்பாற்ற அந்த வழக்கத்தை மறைத்தால் அது வழக்கமா, வசதியா?

பேராசிரியரிடமிருந்து மூன்று வரிப் பதில் வந்தது: "அம்மணி, ஆய்வாளர் நான், மொழிபெயர்ப்பாளர் நீங்கள். குறிப்புகளை நீக்கி அனுப்பவும்." நானும் மூன்று வரிதான் எழுதினேன்: "ஐயா, உங்கள் பிரெஞ்சை நான் திருத்தவில்லை. என் மாமாவைத் திருத்த உங்களுக்கும் உரிமை இல்லை. குறிப்புகள் இருக்கும், இல்லையென்றால் நான் இருக்க மாட்டேன்."

மாமா தோளைத் தட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, அவர் கோபத்தில் யாரையாவது திட்டி நாம் பார்த்திருக்கிறோமா?

ஒதீல்


திவேயா,
25 பிப்ரவரி 1997

தங்கைக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை விடியலில் முதல் கிழங்கை எடுத்துக்கொண்டு போனேன். அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது. கூரையில் புகை வருகிறது, உள்ளே ஆள் இருக்கிறது. இருமினேன். உள்ளேயிருந்து மாமா குரல்: "யாரு, ராஜாவா? குடிங்க வீட்டுக்கு ராஜா வரலாமா? கப்பம் கட்டுறவன் நாந்தான? நீ போ, நான் கொண்டாரேன்."

கதவு திறக்கவே இல்லை. கிழங்கைத் திரும்பச் சுமந்துகொண்டு வந்தேன். அந்தப் பாதையில் கிழங்கோடு திரும்பி வந்தவன் இந்த ஒன்பது பேரில் நான் ஒருவன்தான்.

மத்தியானம் மாமாவின் மகன்கள் நான்கு பேர் ஏணியோடு வந்தார்கள். என் முன்னாலேயே ஏறினார்கள். பெரிய வீட்டு உச்சிக் கம்பத்தைப் பிடுங்கி, பாயில் சுற்றி, தூக்கிக்கொண்டு போனார்கள். சின்னவன் மட்டும், என்னோடு பந்து விளையாடுவானே, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதன் பிறகு ஒரு தோட்டமும் திறக்கவில்லை. கிழங்கு மண்ணுக்குள் முற்றிக் கிடக்கிறது. ஊர் முழுக்கக் கடை அரிசி தின்கிறது. கிணற்றடியில் பெண்கள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். பெரிய வீட்டைச் சித்தப்பா மகனுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு. அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றைக்குப் படித்தபோது லூசியன் கப்பம் என்ற இடத்தில் தயங்கினான். "இது வேணாண்ணே, தாண்டிப் போயிரலாம்" என்று காதில் சொன்னான். "சொல்லுடா, எழுதியிருக்குறதச் சொல்லு" என்று நான்தான் அதட்டினேன்.

அடுத்த மாதம் பதினாலாம் தேதி பேராசிரியர் கேமராவோடு வருகிறார். கப்பம் கொண்டு வருவதைப் படம் பிடிக்க வேண்டுமாம். கொண்டு வர யார் இருக்கிறார்கள்?

மாமாவுக்கு நீ ஒரு கடிதம் எழுது. உன் மேல் அவருக்குப் பிரியம். நான் போய்க் கெஞ்ச மாட்டேன்.

அன்செல்ம்


பிரிஸ்பேன்,
6 மார்ச் 1997

அண்ணாவுக்கு,

மாமாவுக்கு நான் எழுத மாட்டேன். படித்த வாய் உங்களுடையது. சொல்ல வேண்டியதையும் அந்த வாயே சொல்லட்டும். பெரிய வீட்டுக்காரனுக்குப் பேசத் தெரியும் என்றுதானே நம் பாட்டனை உட்கார வைத்தார்கள்? இப்போது தங்கச்சியைப் பேசச் சொன்னால் எப்படி?

இங்கே என் கதையும் முடிந்தது. அருங்காட்சியகத்து அம்மாள் நல்லவள். டீ கொடுத்து, "குறிப்புகள் வாசகர்களைக் குழப்பும்" என்றாள். "குழம்பட்டும், எங்களுக்கு முப்பது வருஷமா உங்க புத்தகம் குழப்பமாத்தான் இருக்கு" என்றேன். வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிட்னி ஆள் என் ஆங்கிலத்தையே எடுத்து, அடிக்குறிப்புகளை மட்டும் நறுக்கிவிட்டு அச்சுக்குக் கொடுத்திருக்கிறான் என்று கேள்வி. இனிமேல் இந்த ஊரில் அருங்காட்சியக வேலை எதுவும் எனக்கு வராது. பரவாயில்லை, சுரங்கக்காரன் இருக்கிறான். அவன் பொய் சொன்னாலும் என் மாமாவைப் பற்றிச் சொல்வதில்லை.

கெஞ்ச மாட்டேன் என்கிறீர்கள். கெஞ்ச வேண்டாம், நானும் கெஞ்சச் சொல்லவில்லை. நம் ஆட்கள் தரையில் உட்கார்ந்தபோது ஒரு நாளும் கெஞ்சலாகத் தெரிந்ததில்லையே? இருட்டில் செய்தால் வழக்கம், வெளிச்சத்தில் செய்தால் அவமானம் என்று உங்களுக்கு இப்போது தோன்றுகிறது. அந்த அறிக்கை உங்களுக்குள் செய்த வேலை அது. மாமா கோபப்படுவது பேராசிரியர் மேல் இல்லை. உங்கள் மேல்.

பதினாலாம் தேதி கேமரா வருகிறது என்கிறீர்கள். அதை எங்கே திருப்புவது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

நான்கு குறிப்புகளையும் பிரெஞ்சில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வேண்டுமானால் படியுங்கள். அடுப்பில் போட்டாலும் என்னிடம் வேறு பிரதி இருக்கிறது.

உங்கள் மேல் கோபம் போகவில்லை. உங்களை நினைத்துத் தூக்கமும் இல்லை.

ஒதீல்


திவேயா,
24 மார்ச் 1997

தங்கைக்கு,

பேராசிரியர் பதினாலாம் தேதி காலை எட்டு மணிக்கு வந்தார். கூடக் கேமராக்காரர்கள் இரண்டு பேர். வழக்கப்படி துணியும் புகையிலையும் என் முன்னால் வைத்து, வணங்கி, நிமிர்ந்து பார்த்தவர், "கூரைக் கம்பம் எங்கே?" என்றார். "வாங்க, காட்டுறேன்" என்றேன்.

கோட்டு பெட்டியில் இருந்தது. இடுப்புத் துணியோடு தோட்டத்துக்குப் போய், என் கையாலேயே ஒரு கிழங்கைத் தோண்டி, இலையில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டேன். பிறகு பட்டப் பகலில், ஊர் நடுவே, கோயில், பள்ளிக்கூடம், கிணற்றடி எல்லாவற்றையும் தாண்டி நடந்தேன். பள்ளிக்கூடத்து ஜன்னல் முழுக்கத் தலைகள். பின்னால் பேராசிரியர் மூச்சு வாங்க ஓடி வருகிறார், "இது அறிக்கையில் இல்லையே, இது எந்தச் சடங்கு?" என்று கேட்டுக்கொண்டே. "அதுக்குத்தான் கேமரா கொண்டாந்தீங்க, பிடிங்க" என்றேன். லூசியனையும் உன் தாளோடு வரச் சொல்லியிருந்தேன்.

மாமா வீட்டு அடுப்படி வாசலில் தரையில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. ஒரு மணி நேரம் வெயில், பிறகு மழை. ஊரே வேலிக்கு வெளியே நின்றது. சித்தப்பா மகனும் நின்றான். வெட்கமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரத்தில் வெட்கம் எங்கேயோ போய்விட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டேன்.

கதவு திறந்தது.

"யாரு?"

"உங்க தங்கச்சி மகன்."

"ராஜா இல்லையா?"

"இல்ல மாமா. நீங்க உக்கார வெச்ச ஆளு. நான் படிச்சது தப்பு. தெரிஞ்சே படிச்சேன், நல்லா இருக்குன்னு படிச்சேன். சரியானத உங்க மருமக எழுதியிருக்கா. கேளுங்க."

லூசியன் படித்தான். மாமா கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டார். நாலாவதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பேராசிரியர் குறுக்கே வந்து, "அப்படியென்றால் இங்கே யார்தான் ஆண்டது?" என்றார். லூசியன் அதையும் நம் பேச்சில் சொன்னான்.

மாமா அவர் பக்கம் திரும்பினார். "ஆளுறதா? இந்தப் பய கெழங்கு கொண்டாந்தா நான் தோட்டத்தத் தெறப்பேன். நான் தெறந்தா இவன் பேசுவான், ஊரு கேக்கும். ரெண்டுல ஒண்ணு நின்னாலும் எல்லாருக்கும் பட்டினி. மூணு வாரமாப் பாத்தோமே. இதுக்கு ஒங்க ஊர்ல என்ன பேரு?"

பேராசிரியர் குறிப்பேட்டைத் திறந்து, அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார்.

மாமா கிழங்கைச் சுட்டு, ஒரு விள்ளல் தின்றார். மறுநாள் காலை தோட்டங்கள் திறந்தன. ஊரெல்லாம் கிழங்கு வாசனை, குழந்தைகள் வயிறு வெடிக்கத் தின்றார்கள்.

புத்தகம் அச்சில் இருக்கிறது, இனி மாற்ற முடியாது என்றார் பேராசிரியர். அப்படியானால் கோடரி வராது என்றேன். சாமான்கள் கப்பல் ஏற மாமாவும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மாமா பேனாவைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. பெட்டிகள் இப்போது மாமா வீட்டில் இருக்கின்றன. அருங்காட்சியகத்துக் கண்ணாடி அலமாரியில் அவர்கள் என்ன வைப்பார்களோ, அது அவர்கள் பாடு. உன் குறிப்புகளை வைத்தால் கோடரி அடுத்த கப்பலிலேயே வரும் என்று நானே எழுதிப் போட்டுவிட்டேன்.

நீ கேட்பாய் என்று தெரியும். கம்பம் திரும்பி வரவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு நானே கேட்டேன். "ஒரு வருஷம் மொட்டையா இருக்கட்டும்" என்றார் மாமா. "ராஜாவுக்கு நான் கம்பம் நட மாட்டேன். என் மருமகன் அந்த வீட்ல இருக்கானான்னு ஒரு வருஷம் பாக்குறேன். இருந்தா நட்டுத் தாரேன்."

பிடுங்கிய இடத்தில் கூரையில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. இதை எழுதும்போதும் மழை பெய்கிறது, நேராக நான் உட்காரும் பாய் மேல் விழுகிறது. லூசியன் ஓலை கொண்டுவந்து அடைக்கிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருகிறவர்கள் ஏன் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து நானே சொல்கிறேன்.

அன்செல்ம்